கசிந்த நீர் எங்கே போனது?
கீழ்பவானி ஆயக்கட்டை முன்வைத்து ஒரு பாசனக் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கதைகளையும், கரும்பலகையில் போட்ட சில கணக்குகளையும் விட்டுவிட்டேன்.)



பாசன நீர்த் தேவையையும் கால்வாய் இழப்பையும் மதிப்பிடும் முறைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முறைகள் பாடநூலில் இருக்கின்றன. வேளாண் பொறியியல் மாணவர்கள் என்னைவிட வேகமாகக் கணினியில் போட்டுக் காட்டிவிடுவார்கள். ஆகவே முறைகளை ஒப்பிக்காமல், அந்த முறைகள் தரும் எண்ணை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுகிறேன். என் வாதம் ஒன்றுதான். கால்வாயில் இவ்வளவு நீர் இழப்பு என்று சொல்லும் எவரும், எந்த எல்லைக்குள் நின்று அளந்தார், இழந்த நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாதிக் கணக்கு. பாதிக் கணக்கை நம்பி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடவும் கூடாது, போடாதே என்று மறியல் செய்யவும் கூடாது.

இதற்குக் கீழ்பவானியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் கால்வாய்ச் சீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, ஒரே ஆயக்கட்டு விவசாயிகள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கசிவை அடைத்தால் கிணறு வற்றும் என்கிறது ஒரு தரப்பு. அடைக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்கிறது மற்றது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

1. முதலில் அணையின் வாசலில் நின்று கணக்குப் பார்ப்போம்

பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒரே சமயத்தில் அவ்வளவுக்கும் பாய்வதில்லை. ஆயக்கட்டு இரு பாதியாக, ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று பிரிந்திருக்கிறது. ஆகஸ்ட் 15-இல் திறக்கும் முதல் போகத்தில் ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு நெல்லுக்காக 24 டி.எம்.சி. அடுத்த போகத்தில் மறுபாதிக்குக் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்காக 12 டி.எம்.சி. அடுத்த ஆண்டு முறை மாறும்.

வாய்க்காலின் முழு ஓட்டம் வினாடிக்கு 2,300 கனஅடி. 120 நாள் இடைவிடாமல் ஓடினால் 23.8 டி.எம்.சி. ஆகிறது, ஒதுக்கீட்டோடு சரியாகப் பொருந்துகிறது. 1,03,500 ஏக்கரை 2,300-ஆல் வகுத்தால் ஒரு கனஅடிக்கு 45 ஏக்கர். அந்த 24 டி.எம்.சி. முழுவதையும் அந்த ஏக்கர்களின் மேல் பரப்பினால் 1,620 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஓர் ஆள் மூழ்கும் ஆழம். இந்த 1,620-ஐ நினைவில் வையுங்கள்.

2. இனி வயலின் வரப்பில் நின்று பார்ப்போம்

1948-இல் பென்மன் போட்ட வழி, மான்டீத் கைபட்டு, 1998-இல் உலக உணவு வேளாண் அமைப்பின் 56-ஆம் எண் அறிக்கையாக நம் மேசைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் உயரப் பச்சைப் புல்வெளி ஒன்றைக் கற்பனை செய்து, அந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் அது நாளொன்றுக்கு எவ்வளவு நீரை ஆவியாக்கும் என்று கணக்கிடுகிறோம். பிறகு பயிருக்கும் வளர்ச்சிப் பருவத்துக்கும் ஏற்ற கெழுவால் பெருக்குகிறோம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான நெல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். நூறு நாளைக்கு 500.

நெல்லுக்கு இது மட்டும் போதாது. சேற்றுழவுக்கு ஏறக்குறைய 200 வேண்டும். வயலின் அடியில் இறங்குவது தனி. இந்த இறக்கத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அடியுள்ள டிரம் ஒன்றையும், அடியை வெட்டியெடுத்த டிரம் ஒன்றையும் வயலில் பாதி புதைத்து, இரண்டிலும் நாற்று நட்டு, தினமும் காலையில் நீர் எவ்வளவு குறைந்தது என்று குச்சியால் அளக்க வேண்டும். அடியுள்ளதில் குறைந்தது பயிரும் வெயிலும் எடுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணில் இறங்கியது. செம்மண்ணில் ஒரு மாதிரி, களிமண்ணில் ஒரு மாதிரி வரும். நண்டு வளை உள்ள வரப்பை ஒட்டி டிரம்மைப் புதைத்தால் எண்ணே வேறாகிவிடும். நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் 400. மொத்தம் 1,100. வடகிழக்குப் பருவமழையில் வயலுக்குப் பயன்படுவது 200 என்று கழித்தால், மதகு தர வேண்டியது 900.

அணையில் விட்டது 1,620. வயலுக்கு வேண்டியது 900. நூற்றுக்கு 55 தேறுகிறது. இதை வைத்துக்கொண்டு "45 சதவீதம் வீண்" என்று ஒரு தலைப்புச் செய்தி எழுதிவிடலாம். ஆனால் எல்லையைச் சற்று நகர்த்திப் பாருங்கள். பயிர் ஆவியாக்கிய 500 மட்டுமே பயன் என்றால், மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது; வயலில் இறங்கிய 400-ம் இழப்பாகிவிடும். அந்த 400 பக்கத்துக் கிணற்றில் ஊறி, மறுபடி மோட்டாரில் இறைக்கப்பட்டு மஞ்சளுக்குப் பாய்ந்தால்? அது பயன் பக்கத்துக்குத் தாவிவிடும். ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நாம் கோடு கிழித்த இடம்தான் மாறியது.

(நான் எடுத்த 5, 4, 200 எல்லாம் கணக்கை விளக்குவதற்கான உத்தேச எண்கள். உங்கள் ஊருக்கு உங்கள் ஊரில் அளந்து போடுங்கள்.)

3. ஒரே வாய்க்கால், மூன்று இழப்பு

வாய்க்காலில் நீர் இரண்டு வழியில் குறைகிறது: மேலே ஆவியாகி, கீழே கசிந்து. ஆவியை முதலில் ஒதுக்கிவிடலாம். 200 கிலோமீட்டர் நீளம், சராசரி 20 மீட்டர் அகலம், நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால், வினாடிக்கு 8 கனஅடிதான் வருகிறது. 2,300-இல் 8. வாய்க்கால் மேல் சூரியத் தகடு போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்பவர்கள் இந்த எட்டைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்துக்காகப் போடலாம், அது வேறு விஷயம்.

கசிவுக்கு வருவோம். மோரிட்ஸ் சூத்திரம் என்று ஒன்று பாடத்தில் வரும். ஓட்டத்தை வேகத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.2-ஆலும் மண்ணுக்கான கெழுவாலும் பெருக்கினால், ஒரு மைலில் கசியும் கனஅடி கிடைக்கும். கீழ்பவானிக்கு, தலைப்பிலிருந்து கடைசி வரை சராசரி ஓட்டம் 1,000 கனஅடி, வேகம் வினாடிக்கு இரண்டரை அடி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். களிமண் கெழு 0.41 என்றால் 124 மைலுக்கு 203 கனஅடி. மணல் கலந்த வண்டல் மண்ணுக்கு 0.66; 327 வருகிறது. பாறையோடு கூடிய மணலுக்கு 1.68, 833 வருகிறது. பொறியாளர் எந்த வரியிலிருந்து கெழுவை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து, ஒரே வாய்க்காலின் கசிவு நான்கு மடங்கு மாறுகிறது. திட்ட மதிப்பீட்டில் 500 கனஅடி மிச்சம் என்று காட்ட வேண்டுமென்றால், சூத்திரம் தடுக்காது.

நம் நாட்டு வடிவமைப்பில் இன்னொரு கைக்கணக்கும் புழங்குகிறது: நனையும் பரப்பில் பத்து லட்சம் சதுர அடிக்கு 8 கனஅடி. இதை நாளொன்றுக்கு நீர் இறங்கும் உயரமாக மாற்றினால் 21 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு சாண். இது கண்ணால் பார்த்து, குச்சியால் அளக்கக் கூடிய அளவு. அப்படியிருக்க எதற்குச் சூத்திரத்தை நம்ப வேண்டும்?

அளக்கத்தான் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் கரன்ட் மீட்டர் இறக்கி ஓட்டத்தை அளந்து கழிப்பது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மீட்டரை எவ்வளவு ஒழுங்காக, அகலத்தைப் பல துண்டாகப் பிரித்து, 0.2 ஆழத்திலும் 0.8 ஆழத்திலும் வைத்து எடுத்தாலும், நூற்றுக்கு ஐந்து பிழை வருவது சகஜம். 2,300-இல் ஐந்து சதவீதம் 115 கனஅடி. தலைப்பருகே, ஓட்ட வேகம் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் ஐந்து மைலில், கசிவோ 0.66 கெழுப்படி 18 கனஅடிதான். பிழைக்குள் கசிவு காணாமல் போய்விடும். சில நாள் கீழே அளந்தது மேலே அளந்ததைவிட அதிகமாகக் கூட வரும்; அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது வழி, தேக்கி அளப்பது. வாய்க்கால் அடைத்த காலத்தில் ஒரு துண்டை இரு முனையிலும் மண் கரை போட்டுத் தடுத்து, நீரைத் தேக்கி, அளவுகோலை நட்டு, நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆவியான 5 மில்லிமீட்டரைக் கழித்தால் மீதி கசிவு. ஓடாத நீரில் வண்டல் படிந்து கொஞ்சம் அடைக்கும் என்பதால் எண் சற்றுக் குறைவாக வரலாம். ஆனாலும் இதற்கு நிகரான முறை இல்லை. செலவும் குறைவு. கோடிக்கணக்கில் மதிப்பீடு போடும் திட்டங்களில் மண் கரைக்கும் ஒரு காவலாளுக்கும் பணம் ஒதுக்க ஏன் மனம் வருவதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

4. கசிந்தது போய்ச் சேரும் இடம்

சரி, அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கசிந்த நீர் எங்கே போகிறது?

கீழ்பவானி சமமட்டக் கோட்டை ஒட்டி வெட்டிய வாய்க்கால். ஒரு பக்கம் மேடு; மறுபக்கம் சரிவில் ஆயக்கட்டு; அதற்கும் கீழே பவானியும் காவிரியும். நடுவில் பழைய காலிங்கராயன் வாய்க்கால். அடியில் கெட்டிப் பாறை; அதன்மேல் சிதைந்த பாறையும் சரளையும் செம்மண்ணும். இந்தச் சிதைந்த அடுக்கில்தான் நம் கிணறுகள் உயிர் பிழைக்கின்றன. அடுக்கின் கனம் 15 மீட்டர், அதில் எடுக்கக்கூடிய நீர் நூற்றுக்கு 2 என்று வைத்தால், முழுக்க நிரம்பினாலும் 300 மில்லிமீட்டர் நீர்தான் கொள்ளும். 2,07,000 ஏக்கருக்கு இதைப் பெருக்கினால் ஏறக்குறைய 9 டி.எம்.சி. பவானிசாகரில் கால் பங்குக்கும் மேலான ஓர் அணை, கதவும் இல்லாமல் கரையும் இல்லாமல், ஆயக்கட்டின் அடியிலேயே இருக்கிறது. மழை போக, அதற்குத் தண்ணீர் விடுவது வாய்க்கால் கசிவும் வயல் இறக்கமும்தான். முதல் போகத்தில் முறை இல்லாத மதகுக்காரர்கள் அந்த நான்கு மாதம் எதை நம்பி இருக்கிறார்கள்? இந்த அணையைத்தான்.

கிணறு வற்றும் என்ற தரப்பின் வலிமை இங்கே இருக்கிறது. பலவீனமும் இங்கேயே இருக்கிறது. அந்த அணை சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகஸ்டில், செப்டம்பரில் கசியும் நீர் காய்ந்த அடுக்கை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு கிணறு விளிம்பில் நிற்கும்போது கசியும் நீருக்கு உள்ளே இடம் இல்லை. அது தாழ்வான வயலில் ஊற்றெடுக்கும், ஓடையில் இறங்கும், காலிங்கராயனை நோக்கியும் காவிரியை நோக்கியும் சரியும். ஆகவே கசிவு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தேதி போடாமல் பதில் சொல்ல முடியாது. செப்டம்பர் கசிவு வேறு, நவம்பர் கசிவு வேறு.

கீழே போனதும் வீணா? காவிரியில் சேர்ந்தால் கீழே ஒருவர் எடுத்துக்கொள்கிறார். இந்த விஷயம் நாடு கடந்தும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடும் ஆல்-அமெரிக்கன் கால்வாயின் 23 மைல் நீளத்துக்கு 2009 வாக்கில் கான்கிரீட் வாய்க்கால் கட்டி முடித்தார்கள். ஆண்டுக்கு 67,700 ஏக்கர்-அடி மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பகுதி சான்டியாகோ வட்டாரத்துக்குப் போனது. அந்த நீரோ அதுவரை மண்ணுக்குள் எல்லை தாண்டி, மெக்சிகாலிப் பள்ளத்தாக்கு விவசாயிகளின் கிணறுகளுக்கு வந்துகொண்டிருந்தது. எல்லையை அமெரிக்கக் கரையில் கிழித்தால் சேமிப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் பறிப்பு. புதிதாக ஒரு சொட்டும் உண்டாகவில்லை.

அதற்காகக் கசிவைக் கோயில் பிரசாதம்போல எடுத்துக்கொள்ளவும் முடியாது. அணையிலிருந்து சும்மா சரிந்து வரும் நீரை மண்ணில் இறக்கி, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றுகிறோம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் இந்தச் செலவு நம் கண்ணில் படுவதில்லை, யாரோ கட்டுகிறார்கள். மேலும், கசிவு கிணறு உள்ளவருக்குத்தான் பயன். மதகை மட்டும் நம்பிய அரை ஏக்கர்க்காரருக்கு அதில் பங்கு இல்லை.

5. கான்கிரீட் போட வேண்டிய இடம் வேறு

இதுவரை பெரிய வாய்க்காலைப் பற்றியே பேசினோம். சண்டையும் அதைப் பற்றித்தான். ஆனால் அதே மோரிட்ஸ் சூத்திரத்தை, வயலுக்குப் பிரியும் கொப்பு வாய்க்காலில் போட்டுப் பாருங்கள். தலைப்பில் 2,300 கனஅடி ஓடும் வாய்க்கால் மைலுக்கு 3.65 கனஅடி கசிகிறது. அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. 4 கனஅடி ஓடும் கொப்பு வாய்க்கால், அதே மண்ணில், மைலுக்கு 0.24 கனஅடி கசிகிறது, நூற்றுக்கு ஆறு. சிறிய ஓட்டத்துக்கு நனையும் பரப்பு விகிதம் அதிகம், அவ்வளவுதான் காரணம். இரண்டு மைல் தாண்டிக் கடைமடைக்குப் போகும்போது எட்டில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். இதில் உடைந்த கரை, எலி வளை, மடையை அடைக்காமல் விட்டுப்போன இரவுகள் எதுவும் சேரவில்லை.

முறை வைப்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. அந்தக் கொப்பு வாய்க்காலில் 2 கனஅடியை ஏழு நாள் விட்டால் மைலுக்கு நூற்றுக்கு ஒன்பது கசியும். 4 கனஅடியை மூன்றரை நாள் விட்டு அடைத்தால் ஆறுதான். விட்ட தண்ணீர் ஒன்றே. "கொஞ்சமாவது ஓடிக்கொண்டே இருக்கட்டும்" என்று ஷட்டரைக் கால்வாசி திறந்து வைப்பது இரக்கமாகத் தோன்றும். கடைமடைக்கு அது துரோகம். மதகுகளைத் திறந்து அடைக்கும் பணியாளர்களான பழைய லஸ்கர்கள், சூத்திரம் படிக்காமலே முறை வைத்து விட்டு அடைத்தார்கள். அந்தப் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும் ஒரு கால்வாய் இழப்பு என்று யாராவது மதிப்பீட்டில் சேர்த்தால் மகிழ்வேன்.

6. கடைமடையின் கேள்வி

அப்படியானால் பெரிய வாய்க்காலை அப்படியே விட்டுவிடலாமா? கடைமடை நண்பர்கள் இதைத்தான் கேட்பார்கள். நான் சொல்வது இது. உயரமான கரை போட்டு வாய்க்கால் செல்லும் இடங்களில், உடைப்பு அபாயம் உள்ள இடங்களில், கசிவு தேங்கி நிலம் ஊறி உவரேறும் இடங்களில், மதகும் பாலமும் ஒழுகும் இடங்களில் கான்கிரீட் போடுங்கள். அங்கே தயங்குவது வீம்பு. கீழே கிணறுகள் அடர்ந்திருக்கும், வெட்டுப் பகுதியில் வாய்க்கால் செல்லும் இடங்களில் அடித்தளத்தைத் தொட வேண்டாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் என் பேச்சும் பாதிக் கணக்காகிவிடும். கசிவை விட்டுவைத்தால், அது தலைமடைப் பகுதிக்குக் கிடைக்கும் இரண்டாவது பங்கு. அந்தப் பங்கை அளந்து, தலைமடை மதகுகளின் மணிநேரத்தில் கழித்து, கடைமடைக்குச் சேர்க்க வேண்டும். தலைமடைக்காரர்கள் சிலர் தலையை ஆட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் கிணற்றில் ஊறுவது வாய்க்கால் தண்ணீர்தான் என்று வாதாடியது நீங்கள். அந்த வாதத்தின் மறுபாதி இதுதான்.

கழிப்பதற்கு எண் வேண்டும். எண் வேண்டுமென்றால் வாய்க்காலைச் சில மைல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதிய பதிவேடு வேண்டும்: தேக்கி அளந்த கசிவு, அளந்த மாதம், கீழே உள்ள கிணறுகளின் நீர்மட்டம், ஓடையில் திரும்பி வந்த நீர். இதைத் துறை மட்டும் செய்தால் ஒரு தரப்பு நம்பாது. விவசாயிகள் மட்டும் செய்தால் மறுதரப்பு நம்பாது. தலைமடைப் பகுதியைக் கடைமடைச் சபையும், கடைமடைப் பகுதியைத் தலைமடைச் சபையும் அளக்கட்டும். துறைப் பொறியாளர் இரண்டுக்கும் கையெழுத்துப் போடட்டும்.

தேக்கி அளப்பதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு மாணவர் முன்பே எழுதிக் கேட்டிருந்தார். அணை மே மாதத்தில் தரும் நிலையில் இருக்காது என்பது அவர் கவலை. அணையிடம் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் போகம் முடிந்து ஏப்ரலில் அடைக்கும்போது வாய்க்காலில் மிச்சம் நிற்கும் தண்ணீர் இருக்கிறதே, அது வடிந்து போவதற்கு முன், குறுக்கே கரை போட்டுத் தடுத்தால் போதும். ஆகஸ்ட் 15 வரை நான்கு மாதம் இருக்கிறது. முதல் வாரத்தில் கிணறுகள் தாழ்ந்திருக்கும். நீர் வேகமாக இறங்கும். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடக் கூடாது. இறக்கம் நாளுக்கு நாள் ஒரே சீராக வரும் வரை காத்திருந்து எழுத வேண்டும்.